ஒரு லிட்டர்

சீட்டில் மூன்றே வரி:
ஒரு மணி நேரம் முன்பாக ஒரு லிட்டர் தண்ணீர்.
சிறுநீர் கழிக்கக் கூடாது.
துண்டு கொண்டு வரவும்.

நாரின் மருத்துவமனை நாற்காலியில் அமர்ந்து
இதை எழுதியவருக்கு,
கொச்கோரிலிருந்து வருகிறவள்
தொலோன் கணவாயை ஏறி இறங்க வேண்டும் என்பது
தெரியாமலா இருக்கும்.
தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்.

முதலில் துண்டு.
கல்யாணத்துக்கு வந்தது ஒன்று அலமாரியில் இருக்கிறது,
மடிப்புக் கலையாமல், மாதுளை நிறத்தில்.
எடுத்தேன்.
மாமியாருக்கு அந்த அலமாரி மனப்பாடம்.
திரும்ப வைத்தேன்.
அது மட்டுமே காரணமில்லை.
புதுசை எடுத்துப்போனால்
எதையோ உறுதியாக நம்புகிறவள் மாதிரி இருக்கும்.
கடைசியில் உலான் லாரிக் கண்ணாடி துடைக்கும்
நீலத் துண்டை மூன்று தண்ணீரில் அலசி
இரவு அடுப்பருகே காயப்போட்டேன்.
டீசல் வாசம் கொஞ்சம் மிச்சம்.

வீட்டில் சொன்னது, பல்வலி.
பல்வலிக்கு யாரும் மேல்கேள்வி கேட்பதில்லை.
மாமியார் ஒரு கிராம்பு தந்தாள்.
அவள் பார்க்க, வலிக்கிற பக்கம் எதுவென்று
ஒரு கணம் யோசித்து வைத்துக் கடித்தேன்.
வாசல் தாண்டியதும் அது கோட்டுப் பைக்குப் போயிற்று.

பிறகு கணக்கு.
நான் பெட்ரோல் பங்கில் கல்லாக்காரி.
லிட்டர் எனக்குப் புதிதல்ல.
பத்து மணிக்கு ஸ்கேன்,
ஒன்பதுக்குள் குடித்து முடிக்க வேண்டும்,
ஒன்பதுக்கு வேன் கணவாயை விட்டு இறங்கிக்கொண்டிருக்கும்.
ஆக, உச்சியில் கால் லிட்டர்,
வளைவுக்கு வளைவு கால் லிட்டர்.
கணக்கில் பிழையில்லை.
உச்சிக்குக் கீழே ஒரு லாரி
பனியில் சறுக்கிக் குறுக்கே படுத்திருக்கும் என்பது
கணக்கில் இல்லை.

ஏப்ரலிலும் பனி.
நாற்பது நிமிடம் நின்றோம்.
ஆண்கள் இறங்கினார்கள்,
சாலையோரம் வரிசையாக முதுகு காட்டி நின்றார்கள்,
கை தேய்த்தபடி லேசாகித் திரும்பினார்கள்.
அவ்வளவு பொறாமை எனக்கு
யார் மீதும் வந்ததில்லை.

பிஷ்கேக் சவாரியிலிருந்து உலான் கேட்டான்:
குடிச்சியா?
குடிச்சேன்.
முழுசா?
பதில் போடவில்லை.

பக்கத்து இருக்கைக்காரி மடியில் அட்டைப்பெட்டி,
உள்ளே ஐம்பது கோழிக்குஞ்சுகள், ஓயாத கீச்சுக்கீச்சு.
என் காலி பாட்டிலைப் பார்த்தாள்.
நீலத் துண்டைப் பார்த்தாள்.
நான் மட்டும் இறங்காததைப் பார்த்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
பெட்டியின் மூலை என் வயிற்றில் இடிக்காதபடி
அடுத்த தொடைக்கு மாற்றிக்கொண்டாள்.
நாரின் வரை அப்படியே.

வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர்.
எல்லோரும் ஒரே மாதிரி, முழங்கால் ஒட்டி.
நான் நிற்கும் கோணத்தைப் பார்த்தே நர்ஸ் சொன்னாள்:
"ரொம்ப நிறைஞ்சிருச்சு. பாதி மட்டும் விட்டுட்டு வாங்க."

பாதி.
பம்பின் துப்பாக்கியை அழுத்தி
இருபதென்றால் இருபதில் நிறுத்தும் கை இது.
உடம்பில் அந்த விசை எங்கே இருக்கிறது?
கதவைத் தாழிட்டு, கண்ணை மூடி,
எண்ணினேன்.
ஏழில் நின்றது.
நின்றதும் பயந்தேன்.

திரும்பி வந்து சீட்டை நீட்டினேன்.
போன அக்டோபரில் கொடுத்த அதே சீட்டு.
அப்போது தண்ணீர் குடிக்கும் நாள் வரை வரவில்லை.
தேதியை மட்டும் அடித்து
மேலே வேறு எழுதித் தந்திருந்தார்கள்.
பேனா வேறு நிறம்.

காத்திருக்கையில் தாடை விண்ணென்று தெறித்தது.
மலை முழுக்கப் பல்லைக் கடித்து வந்த வலி,
இப்போது நிஜமான வலி.
கோட்டுப் பையில் கிராம்பைத் தேடி எடுத்தேன்.
மாமியார் பற்கள் பட்டதைப் பார்க்கவில்லை,
பாதிதான் நசுங்கியிருந்தது.

"தூர்துபாயெவா பெர்மெத்!"

துண்டை விரித்தேன்.
டாக்டர் மூக்கைச் சுருக்கினாள்:
"என்ன வாசம் இது, டீசலா, கிராம்பா?"
இரண்டும் என்றேன்.
"சரி, படுங்க. இனி அசையக் கூடாது."

துப்ப நேரமில்லை.
அப்படியே கடித்துக்கொண்டு
சட்டையை உயர்த்தினேன்.